மடைவீரன் பார்த்த திசை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி, காலை ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்தில், தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கூடவே ஒரு படம். கேன்டீனில் யாரையோ நோக்கி விரலை நீட்டி, வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார். அஞ்சலிக்குப் போட இதுதானா கிடைத்தது என்று எரிச்சலோடு என் போனில் தேடினேன். என்னிடம் இருந்த படங்களிலும் அப்படித்தான் இருந்தார். அவர் வாய் மூடியிருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க நேரம் கிடைத்திருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அக்கா வேலை பார்த்தார். நான் பரிசோதனைக் கூடத்தில். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பஸ். இறங்குவது மடைவீரன் சிலை நிறுத்தத்தில். அந்தச் சிலையைப் பற்றிய பேச்சால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை.

குழுவில் இதைப் படிக்கும் நீங்கள் கதையை அவர் வாயால் பல முறை கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக: ஓர் ஐப்பசி மழையில் ஏரியின் மடை உடைந்தது. மடை காத்த கூலிக்காரர் உடைப்பில் இறங்கித் தன் உடம்பால் அடைத்து நின்றார். கரைமேல் இருந்த நிலத்துக்காரர்கள், வெள்ளம் வடியும்வரை நீ நின்றால் உன் கண்ணுக்கு எட்டுகிற நிலமெல்லாம் உன் சனத்துக்கு என்றார்களாம். வெள்ளம் வடிந்தபோது அவர் நின்றபடியே இறந்திருந்தார். கண்தான் மூடிவிட்டதே, இனி எதைப் பார்க்கப் போகிறான் என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

எங்கள் வீட்டில் சொல்லும் கதையில் அந்த வாக்கு கிடையாது. நாங்கள் நிலத்துக்காரர்கள். என் பெரியப்பாதான் சிலைக் குழுத் தலைவர். வீரன் மேற்கே ஏரியைப் பார்த்து நின்று மார்பால் வெள்ளத்தைத் தாங்கினான் என்பது அவர் கட்சி. "வீரன் முதுகு காட்டுவானா?" என்பார். முதுகால்தான் அடைத்தார், ஆகவே முகம் கிழக்கே வயலைப் பார்த்து இருந்தது என்பது அக்காவின் கட்சி. அந்த வயல்களில்தான் அக்காவின் தாய் தகப்பன் கூலிக்கு நட்டார்கள், அறுத்தார்கள். எதற்கு வம்பு, பொதுவாக இருக்கட்டும் என்று குழு சிலையைத் தெற்கே, சென்னையிலிருந்து வரும் சாலையைப் பார்த்து வைத்துவிட்டது. பெரிய மனிதர்கள் காரிலிருந்து இறங்கி மாலை போடவும் அதுவே வசதி.

"ரெண்டு பேரு கதையிலயும் ரோடு கெடையாது. பஸ்ஸுக்கு நிக்கிற மாரி நிக்க வச்சிக்கிறாங்கோ" என்பார் அக்கா, பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம்.

புதிதாக வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் யாரும் இதற்குத் தப்பியதில்லை. தமிழ் தெரியாத ஒடிசாக்காரர்களும் தலையாட்டிக் கேட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் இருவரைக் கேன்டீன் கதவுக்கு வெளியே நிறுத்தித் தள்ளச் சொன்னார். உள்ளே இருந்து முதலில் கையால் தடுத்தார், கதவு திறந்துகொண்டது. பிறகு திரும்பி முதுகைக் கொடுத்தார். கதவு அசையவில்லை. "இப்ப சொல்லு. தண்ணிக்கு இன்னாத்துக்கு மார காட்டணும்? அதுக்கு மானமா ரோஷமா?" வெளியே சாம்பார் வாளியோடு வந்தவர் உள்ளே நுழைய முடியாமல் நின்றார். நாங்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆண்டுதோறும் மாலை போடும் நாளில் இன்னொரு கூத்து. அக்கா கிழக்கே நின்று போடுவதால் மாலையின் குஞ்சம் சிலையின் இடது தோளில் தொங்கும். பெரியப்பா ஏணியில் ஏறி அதை முன்னால் இழுத்து விடுவார். அவர் இறங்கியதும் அக்கா ஏறுவார். சிலைக்கு மாலை போடலாமா என்று சர்ச்சில் கேட்டதற்கு, "சாமின்னு போடல பாஸ்டர், சாட்சின்னு போடறேன்" என்றாராம்.

ஒரு முறை பஸ்ஸில் நான் பொறுமை இழந்தேன். கிழக்கே இப்போது வயலே இல்லையே அக்கா, தொழிற்பேட்டை மதில்தானே இருக்கிறது, திருப்பி வைத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணியும் கெடைக்காது. செவுத்தயே பாக்கட்டும். அவரு பாத்த எடத்துல இன்னா வந்துக்கீதுன்னு அவருக்குத் தெரிய வாணாவா?" என்றவர், நான் புத்தகத்தைத் திறந்ததும், "இன்னா கெடைக்கும்னு உங்க பெரியப்பாவையும் கேளு" என்று சேர்த்தார். சில நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நிம்மதியாகப் படித்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

பிறகு மழைநீர்க் கால்வாய் வேலைக்காகச் சிலையை இறக்கி, தார்ப்பாய் சுற்றிச் சாலையோரம் கிடத்தினார்கள். புதிய பீடம் எழும்பியது. திரும்ப வைக்கும்போதாவது திசையை மாற்றிவிடலாம் என்று அக்கா நம்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து மருத்துவமனையில் படுத்தார். நான் பார்க்கப் போனபோது, மூச்சு வாங்க, எந்தப் பக்கம் வைக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்டார். டாக்டர் உங்களைப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அந்த டாக்டரு இன்னா, உங்க பெரியப்பாவுக்குச் சொந்தமா?"

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கத்தன்று பெரியப்பா உட்பட சிலைக் குழு முழுவதும் வெள்ளைச் சட்டையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. வாழ்நாள் முழுக்க அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் ஒருவர் விடாமல் போயிருந்தார்கள். கிரேனும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பெர்மிஷன் போட்டுவிட்டு நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மடைவீரன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் என்னிடம் ஓடி வந்தார்.

"நீங்க தலைவர் ஊட்டுப் பொண்ணுதான? ஒருத்தரும் போன் எடுக்கல மேடம். கிரேன்காரன் கெளம்பணும்றான். மூஞ்சி எந்தப் பக்கம்?"

நான் எந்தச் சண்டையிலும் வாய் திறந்தவள் இல்லை.

"கிழக்க" என்றேன்.

"அங்க செவுருதான மேடம் கீது?"

"ஆமா. செவுருதான்."

கொத்தனார் கிரேன்காரருக்குக் கை காட்டினார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மண் போடும்போது அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நேர் கிழக்கா, கொஞ்சம் தள்ளியா என்று கேட்டிருப்பார். பேசாமல் வந்துவிட்டேன்.

ஊரில் இப்போது அந்தக் கொத்தனாரைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டாம். சொன்னது நான். சிமென்ட் இறுகிவிட்டது.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். பெரியப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வீரன் முதுகு காட்டுவானா என்று ஆரம்பித்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. அன்று கேன்டீனில் எங்கள் சாம்பாரைத் தடுத்த அந்த வித்தை. பெரியப்பாவைக் கூடத்துக் கதவுக்கு வெளியே போய்த் தள்ளச் சொன்னேன். உள்ளே முதுகைக் கொடுத்து நின்றேன். அவரும் விளையாட்டாக இல்லை, பலம் கொண்ட மட்டும் தள்ளினார்.

கதவு நின்றது.