கம்பளி போர்த்திய கார்

இலங்கையின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், அதாவது லயத்துக் காம்பிராவில், குடியிருந்துகொண்டு சொந்தமாகக் கார் வைத்திருந்தவர் கஸ்பர் ஒருவர்தான். அவர் காரை வைத்திருந்தாரா, கார் அவரை வைத்திருந்ததா என்பதில் குடும்பத்துக்குள் இன்றுவரை இரு கருத்து உண்டு. தோட்டத்து உதவி மேலாளரான வெள்ளைக்காரச் சின்னத்துரையிடம் நெடுங்காலம் டிரைவராக இருந்தவர். துரை ஒரேயடியாகச் சீமைக்குக் கப்பலேறியபோது, அவருடைய பழைய கறுப்புக் காரை வாங்குவதற்கு ஹட்டனிலும் ஆள் கிடைக்கவில்லை, நுவரெலியாவிலும் கிடைக்கவில்லை. ஆகவே அது கஸ்பருக்கு வந்து சேர்ந்தது. வாங்க ஆளில்லாமற் போன கதையை, "தொரைக்கு என்னப் பிரிய மனசில்ல, அதான் கார விட்டுட்டுப் போனாரு" என்று அவர் ஊருக்குத் திருத்திச் சொன்னார்.

அன்று முதல் அவர் வாடகைக் கார் முதலாளி. மனைவி பெற்றீசியா விடியற்காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவதைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அந்தக் கூடையின் தயவில்தான் காம்பிராவும் அரிசியும் கிடைத்துவந்தன என்பது ஓர் இரகசியம். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.

1957ஆம் ஆண்டு அவர்களுக்குப் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பு வந்தது. (கஸ்பர் ஐம்பத்தாறு என்பார். ஆண்டுகள் விஷயத்தில் பெற்றீசியாவை நம்புவதே உத்தமம்.) சுதந்திரம் கிடைத்த கையோடு நாடு தன் வீட்டாரை எண்ணிப் பார்த்தபோது, தேயிலைக்குள் குனிந்து நின்றவர்கள் எப்படியோ கண்ணில் படாமற் போய்விட்டார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே மூப்படைந்தவர்கள், தாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று கண்டிக்குப் போய் ஓர் அதிகாரியின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. குறித்த நாளில், குறித்த வேளையில் போகாதவர்களின் மனு தள்ளப்படும் என்று தோட்டம் முழுவதும் பேச்சு. தள்ளப்பட்டால் குடும்பத்துக்கு நாடே இல்லை.

இந்த இக்கட்டுக்குக் கஸ்பர் கண்டுபிடித்த பரிகாரம் மிகவும் எளிமையானது.

"நம்ம கார்லயே போறோம்" என்றார். "சொந்தக் கார்ல வந்து எறங்குற மனுசனப் பாத்து, நீ எந்த நாட்டான்னு கேக்க எந்த ஐயாவுக்கு வாய் வரும்?"

"ரயில் ஓடுதுங்க" என்றாள் பெற்றீசியா.

"ரயில்ல வாறவங்களத்தான் அப்புடியே ரயிலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க."

சட்டத்தை இவ்வளவு தெளிவாக விளக்கியவர் அந்நாளில் மலைநாட்டில் வேறு எவரும் இலர்.

இந்நிலையில் கார் நோயில் விழுந்தது. முதல் நாள் மாலை ரேடியேட்டரில் தளும்பத் தளும்ப ஊற்றிய தண்ணீர், ஓரிரு ஓட்டத்துக்குள் எங்கோ மாயமாகியது. காருக்கு அடியில் தரை உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. அத்துடன், காலையில் முடுக்கினால் எஞ்சின் ஒரு கால் ஊனமான குதிரையைப் போலத் துள்ளிக் குலுங்கியது. கதவுகள் கடகடத்தன. சற்றுச் சூடேறிய பிறகே நடை சீரானது.

தண்ணீர் திருட்டுப் போகிறது என்பது கஸ்பரின் முதல் தீர்ப்பு. குளிர்ப் பிரதேசத்தில் வெந்நீரின் அருமை அவருக்குத் தெரியும். காரை நிறுத்தியதும் ரேடியேட்டரில் வெந்நீர் தயாராக இருக்கும். அடுத்த காம்பிராவில் வேலாயிக்குக் கைக்குழந்தை இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட விறகு செலவில்லாத வழி! இதைவிட வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. பொனட்டைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டுப் போட்டார்.

மறுநாளும் தண்ணீர் இல்லை. செய்தி, லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு எட்டியதும் வேலாயி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"பூட்டுப் போட்டும் தண்ணி போயிருச்சாமே, கஸ்பரண்ணே?"

"போயிருச்சு."

"அப்ப நாந்தான், சாவித் தொவாரத்துல வாய வச்சு உறிஞ்சிட்டேன். புள்ளைக்குச் சளிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. மிச்சம் இருந்தா சொல்லுங்க, ரசம் வச்சுத் தாறேன்."

பீலிக்கரையில் கிளம்பிய சிரிப்பைக் கஸ்பர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெற்றீசியா வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வேலாயி வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறி போனது.

அடுத்து, தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலைபார்த்த பழனியாண்டி வரவழைக்கப்பட்டார். தொழிற்சாலையில் இருந்தது கட்டடத்தோடு சேர்த்து இறுக்கப்பட்ட இராட்சத எஞ்சின். ஆயினும் எஞ்சின் என்ற பெயருள்ள யாவும் தம் பார்வைக்கு உட்பட்டவை என்பது பழனியாண்டியின் கொள்கை. அவர் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகள் கரி படிந்து கறுத்திருந்தன. ஒன்று மட்டும் இப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோலப் பளிச்சென்று வெளுத்திருந்தது.

"பாத்தீங்களா கஸ்பரு! இந்த ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யிது. மத்த மூணும் சோம்பேறி."

"இது தொரை போட்ட பிளக்கா இருக்கும்ண்ணே. சீமைச் சாமான்."

சுத்தமாக இருந்த ஒன்றைத் துணியால் துடைத்து, கண்ணில் ஒற்றாத குறையாக மீண்டும் பொருத்தினார்கள். குற்றமற்ற மூன்று பிளக்குகளை வீசிவிட்டுப் புதியவை போட்டார்கள். கார் முன்னைப் போலவே குலுங்கியது. தலவாக்கலையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ், ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டை எதுவும் அகப்படாத ஏமாற்றத்தில் ஓட்டையில்லாத இடங்களில் ஈயம் பூசிக் கொடுத்தார். தண்ணீர் அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவு பேர் சுற்றி நின்று பார்த்த அந்தக் காரின் முகப்பில் ஒரு கம்பளி கட்டியிருந்ததை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த வருடத்துத் தைப் பனியில் காய்கறிப் பாத்திகள் கருகிப் போயின. காருக்குச் சளி பிடித்துவிடும் என்று அஞ்சிய கஸ்பர், மலையில் மழைக்கும் குளிருக்கும் போர்த்துக்கொள்ளும் பெற்றீசியாவின் கறுப்புக் கம்பளியை எடுத்து, ரேடியேட்டரை மூடிக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். பழனியாண்டியும் அதை மெச்சினார். பெற்றீசியா இடுப்பில் சுற்றும் வெறும் சாக்குப் படங்கோடு மலைக்குப் போனாள். அவளுக்குச் சளி பிடிப்பது பழகிய விஷயம். இரவுக்கென்று கட்டிய கம்பளி நாளடைவில் பகலிலும் அவிழ்க்கப்படவில்லை. தலவாக்கலையிலிருந்து மேடேறும்போதெல்லாம் கார் கம்பளியும் போர்த்துக்கொண்டு, நான்கைந்து பேரையும் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஏறியது.

விசாரணை நாள் விடிந்தது. பிள்ளைகள் இருவரும் வேலாயியிடம் ஒப்படைக்கப்பட்டனர். வெந்நீர்த் திருடி என்று பேர் சூட்டியவளிடம் பிள்ளைகளை விடுவதில் கஸ்பருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. உலக யுத்தத்துக்கு முன்பிருந்தே இக்குடும்பம் இந்தத் தோட்டத்தில் இருப்பதைச் சொல்லும் சாட்சியாகப் பழனியாண்டி முன் ஆசனத்தில் அமர்ந்தார். பெற்றீசியா பின்னால், கால்மாட்டில் இரண்டு தகர டின் தண்ணீரோடு இருந்தாள்.

ஹட்டனைத் தாண்டி வட்டவளை வரையில் சாலையே தெரியாத மூடுபனி. முன்னால் பனி, பின்னால் பனி, பக்கத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு டின் தண்ணீரைக் கார் குடித்துத் தீர்த்தது. அதற்கப்பால் வானம் வெளுத்து, நாவலப்பிட்டியை நெருங்கும்போது சுள்ளென்று வெயில் அடித்தது. தென்னை மரங்களின் நிழல் சாலையில் கோடு கோடாக விழுந்தது.

பெற்றீசியா பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பனி நம்ம பின்னாலயே வருதுங்க."

"மலைக்காரங்க எங்க போனாலும் பனி கூடத்தான் வரும்."

"மரத்துல பனி இல்ல, மேட்டுல பனி இல்ல. ரோட்டுல மட்டும், நம்ம பொறத்தால மட்டும் வருது. நீங்க திரும்புனா அதுவும் திரும்புது."

கஸ்பர் ஒரு தேநீர்க் கடையோரம் காரை நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மூவரும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். நல்ல வெயிலில், சைலன்சர் குழாயிலிருந்து, அரிசிப் பானை பொங்குவதுபோல் வெள்ளை ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. அக்கரப்பத்தனையிலும் அது இப்படித்தான் தினமும் வந்திருக்க வேண்டும். அங்கே அதைப் பனி என்று எல்லோரும் மரியாதையாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

பழனியாண்டி குழாயருகே உள்ளங்கையைக் காட்டினார். கை நனைந்தது. கஸ்பர் துணியைச் சுற்றி, ரேடியேட்டர் மூடியை மெல்லத் திறந்தார். உள்ளே எஞ்சியிருந்த தண்ணீரில், அடுப்பேயில்லாத இடத்தில், எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் குமிழி கிளம்பியது.

ஆண்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞானம் பிறந்தது. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் நடுவே இறுக்கி வைத்திருக்கும் கேஸ்கட் என்ற தகடு வெந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் கசிந்து, அங்கே ஆவியாகி, பின்குழாய் வழியே வெளியேறியது. அந்தச் சிலிண்டரின் வெடிகாற்று வந்த வழியே திரும்பித் தண்ணீருக்குள் குமிழிவிட்டது. காலையில் குலுங்கியதும் அந்த நனைந்த சிலிண்டரால்தான். சீமைச் சாமான் என்று துடைத்து மாட்டிய அந்த வெள்ளைப் பிளக், நாள்தோறும் ஆவியில் குளித்ததாலேயே அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது.

"காத்துப் போற வழியக் கம்பளியால அடச்சுட்டு மேட்டுல ஏத்துனா, தலை வேகாம என்ன செய்யும்?" என்றார் பழனியாண்டி.

"கட்டுனது நல்லதுன்னு சொன்னது யாருண்ணே?"

"நிப்பாட்டி வச்சிருக்கயில நல்லதுன்னேன்."

"இப்ப அந்தக் கம்பளிய அவுத்து என்கிட்ட குடுங்க" என்றாள் பெற்றீசியா. "பஸ் வருது."

கஸ்பர் அசையவில்லை. தண்ணீரை ஊற்றி ஊற்றி மெதுவாக ஓட்டினால் கண்டிக்குப் போய்விடலாம் என்றார். வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பழனியாண்டி கேட்டார். காரை அநாதையாக ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது, யாராவது காவலுக்கு நிற்க வேண்டும் என்றார் கஸ்பர். சாட்சியை நிறுத்த முடியாது. மனைவியைத் தனியே அந்நிய ஊரில் நிறுத்தவும் முடியாது. பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நீங்க இருங்க" என்றாள் பெற்றீசியா. "நாங்க ரெண்டு பேரும் போறோம். ஐயா கேட்டா, அவரு காருக்குப் பிரஜையாயிட்டாரு, இந்த நாடு அவருக்கு வேணாமாம்னு சொல்லிர்றேன்."

கஸ்பர் தேநீர்க் கடை முதலாளியிடம் ஓடி, காரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி சிங்களத்தில் மன்றாடினார். முதலாளி எட்டிப் பார்த்து, ஆவி விட்டுக்கொண்டிருந்த காரை அளவெடுத்து, "இதை யார் கொண்டுபோகப் போகிறார்கள், ஐயா?" என்று சிங்களத்திலேயே ஆறுதல் கூறினார். பஸ் நகரத் தொடங்கிய பிறகே கஸ்பர் தாவி ஏறினார்.

கண்டியில் அவர்கள் பெயர் அழைக்கப்பட்டபோது மூவரும் வாசற்படியில் செருப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் வேத புத்தகத்தில் கைவைத்து, உண்மையையே சொல்வதாகச் சத்தியம் செய்தார். வசிப்பிடத்தைப் பற்றிப் பழனியாண்டி சொன்ன சாட்சியம் சுருக்கமாக முடிந்தது. அதற்கு மேல் அதிகாரி, குடும்பத்துக்கு நிரந்தரமான சீவனோபாயம் என்ன என்று கேட்டார். கஸ்பர் பல வாரங்களாகக் காத்திருந்த கேள்வி.

"சொந்தமாக் கார் இருக்குங்க ஐயா. வாடகைக்கு ஓட்டுறேன்."

"கார் ஒழுங்காக ஓடுகிறதா?"

சத்தியம் செய்த கை இன்னும் சூடு ஆறவில்லை. கஸ்பர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பழனியாண்டி தம்முடைய உள்ளங்கையை ஆராயத் தொடங்கினார்.

"நிக்கிதுங்க" என்றார் கஸ்பர்.

அதிகாரியின் பேனா நின்றது. நிரந்தர வருமானம் இல்லாதவர்களை அவர் அன்று காலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோட்டத்துச் சம்பளப் புத்தகத்துல பேர் இருக்குங்க ஐயா" என்று பெற்றீசியா எழுந்து நின்றாள். "கொழுந்து எடுக்குறேன். மழையோ வெயிலோ, ஒரு நாளும் பேர் விழாம இருந்ததில்ல. தொரைமார் மாறுனாங்க, நான் மாறல. வீடு என் பேர்ல குடுத்ததுதான். இவரு கார் ஓட்டுறது ஒரு ஆசைக்குங்க."

அதிகாரி கஸ்பரைப் பார்த்தார். "உண்மையா?"

ஊருக்கெல்லாம் மறைத்து வைத்திருந்த கூடையை, ஓர் அரசாங்க அதிகாரியின் மேசை மீது, சத்தியத்தின் பேரில் கஸ்பர் தம் கையாலேயே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று.

"உண்மைங்க ஐயா. அவதான் சோறு போடுறா."

பேனா மறுபடி ஓடியது.

பிரஜாவுரிமை கிடைத்த செய்தி வந்து சேர அடுத்த வருடமாயிற்று. அன்று மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த பருவம். கஸ்பர் ஓடாத குறையாக மலையேறி, அத்தனை பெண்களும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் பார்க்க, பெற்றீசியா கொழுந்தெடுக்கும் செடி வரிசையான நிரைக்குள்ளேயே போய் நின்றார். அவ்விடத்தில் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

"பெற்றீசியா! நாம இந்த நாட்டு ஆளுங்களாயிட்டோம்!"

பெற்றீசியாவின் விரல்கள் செடியை விட்டு எழவில்லை. கண்களில் நீர் திரண்டதை வேலாயி மட்டும் பார்த்தாள்.

"சரி, சரி. நெரைய மறைக்காம தள்ளி நில்லுங்க. கண்டாக்கையா பாக்குறாரு."