வாலில் ஓடிய கோடு

எல்லப்பனுக்கு நாற்பத்தாறு வயதில் கிட்டப் பார்வை மங்கியது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்த வயதில் அப்படித்தான். ஆனால் எல்லப்பன் அந்தப் பாதிப் பேரில் ஒருவனாக இருக்கச் சம்மதிக்காதவன். பஸ்ஸில் கொடுக்கும் டிக்கெட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பான். யாராவது பார்த்துவிட்டால் உதறி மண் தட்டுவதுபோலப் பாசாங்கு செய்வான்.

ஒரகடம் பக்கத்து ஏரிகளில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. வலை போடுகிறவர்களை அவன் மீன் பிடிக்கிறவர்களாகவே சேர்த்துக்கொள்ள மாட்டான். நீளமான மூங்கில் கழி, நைலான் நரம்பு, தூண்டில் முள், முள்ளில் ஒரு சின்னத் தவளை. தாமரை இலைகளுக்கு நடுவே அதைத் தத்தவிட்டு, விரால் வாயைப் பிளந்துகொண்டு எழும்பும் நொடியில் சுண்டி இழுப்பான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரால் குழம்பு கொடுத்தால் புண் ஆறும் என்று சுங்குவார்சத்திரத்திலிருந்துகூட ஆள் தேடிக்கொண்டு வரும். வந்த ஆளைக் கொஞ்ச நேரம் காக்க வைப்பதில் எல்லப்பனுக்குத் தனி சுகம்.

எண்பதாம் வருஷம் தவளைக்குப் பஞ்சம் வந்தது. வெளிநாட்டுக்காரன் தவளைக்கால் தின்கிறானாம். அவனுக்காக வியாபாரிகள் வயல் வயலாக அரித்து மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். எல்லப்பன் ஒரு தவளைக்காக அரை நாள் வரப்பில் குனிந்து நடக்க வேண்டியிருந்தது.

அப்போது வழி காட்டியவள் அதே தெருவில் இருந்த பாஞ்சாலி. லாரி கிளீனராக இருந்த அவள் புருஷன் தசரதன் கால் முறிந்து படுத்துவிட்டதால், சைக்கிள் கைப்பிடிக்கு உறை செய்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கொட்டகையில் பால்போன்ற ஒரு கரைசலில் பச்சைச் சாயம் கலந்து அச்சில் ஊற்றிச் சூடு காட்டுவார்கள். ஆறினால் வழவழவென்று மெத்தென்ற பிளாஸ்டிக்காக வந்துவிடும். சாயந்தரம் பாத்திரத்தைக் கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த துண்டு ஒன்று தண்ணீரில் நெளிவதைப் பாஞ்சாலி பார்த்தாள். மறுநாள் எல்லப்பனிடம் சொன்னாள்.

"ணா, அப்பிடியே உசிரு இருக்கற மாதிரி ஆடுது. தவளக்கி பதிலா இத்த வெச்சிப் பாரேன்."

சும்மா சொல்லக்கூடாது, மீதி யோசனை எல்லப்பனுடையது. முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தலையாக்கினான். மனைவி அம்சவல்லியின் பழைய நைலான் புடவை ஓரத்தைப் பிரித்து, அந்தத் தலைக்குப் பின்னால் பாவாடைபோலக் கட்டினான். அதற்கும் பின்னால் மாட்ட ஒரு வால் வேண்டும். களிமண்ணில் இரண்டு பாதியாக அச்சு செய்து சுட்டுக் கொடுத்தான். பாஞ்சாலி அதில், எப்படியும் குப்பைக்குப் போகிற அடிமிச்சத்தை ஊற்றி, தவளையின் பின்னங்கால்போல இரண்டு பிரிவாக வால்கள் செய்துகொண்டு வந்தாள்.

முதல் தடவை கொடுத்தபோதே சொன்னாள். "ணா, ரெண்டு அச்சும் சேர்ற எடத்துல முதுகுல ஒரு கோடு உழுந்துகீது பாரு. அந்தக் கோட்டு மேலயே முள்ள ஏத்து. வெலகினா வாலு கோணிக்கும்."

எல்லப்பன் வாலை முகத்துக்கு நேரே பிடித்தான். பச்சையாக ஏதோ தெரிந்தது. கோடு தெரியவில்லை. விரலால் தடவினான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு அதுவும் அகப்படவில்லை.

"தெரீதா?" என்றாள்.

"தெரியாம இன்னா?" என்றான்.

இந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் கெட்டது.

ஏரிக்குப் போய்க் குத்துமதிப்பாக ஏற்றினான். முள் நடுவில் போகாமல் விலாவில் எட்டிப் பார்த்தது. கழியை ஏற்றி இறக்கினால் வால் நெளிய வேண்டும். இவனுடையது பம்பரமாகச் சுற்றியது. நரம்பும் கூடவே முறுக்கிக்கொண்டது. விரால் முட்டாளில்லை, சுற்றுகிற தவளையை எந்த ஏரியில் பார்த்திருக்கிறது? ஒரு வாரம் போயிற்று, நான்கு வாரம் போயிற்று, ஒன்றுகூடத் தொடவில்லை. அடுத்த கரையில் கோதண்டம் பழைய முறையில் தவளை தேடிப் பிடித்து நாளுக்கு ஒன்றாவது தூக்கிக்கொண்டிருந்தான். எல்லப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"இன்னாணா, விராலுக்கு ராட்டினம் சுத்திக் காட்றியா?" என்றான் ஒரு நாள். ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல் சுவர் மேல் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

எல்லப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கழியைப் போட்டான். மாட்டியிருந்த வாலைப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். மிச்ச வால்களை மடியில் கட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்கு நடந்தான்.

சாப்பாட்டு நேரம். பெண்கள் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். பாஞ்சாலி இவனைப் பார்த்ததும் வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அது எல்லப்பனுக்கு நன்றாகவே தெரிந்தது. தூரப் பார்வையில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. தெரிந்தும் கத்தினான்.

"இன்னாமே பாஞ்சாலி, இதுக்குப் பேரு வாலா? கோணலும் மாணலுமா ஊத்திக் குடுத்துட்டு என் மானத்த வாங்கறியா?"

மடியை உதறினான். பச்சை வால்கள் தரையில் சிதறின. முதலாளி ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"இது நம்ம மாலாச்சே?"

"அடியில மிஞ்சனதுங்க மொதலாளி, கொட்றதுதான்…"

"கொட்றதா இல்லியான்னு நான் சொல்லணும். நாளைலருந்து வராத."

பாஞ்சாலி தூக்கை மூடினாள். வால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எல்லப்பன் துண்டில் போட்டாள். எல்லப்பனுக்கு அப்போதுகூட, தான் சொன்னது நியாயம்தானே என்றுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஏரிக்கரையில் கோதண்டம் கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிப் போட்டான். அதன் வாயில் பச்சை வால்.

"நீ வுட்டெறிஞ்ச வாலுதான்ணா. தவள கெடைக்கல, சும்மா மாட்டிப் பாத்தேன். சொம்மா சொல்லக்கூடாது, இன்னா நெளிவு! நீ வெலாவுல குத்தி வெச்சிருந்தே. முதுகுல கோடு போட்டுக் காட்டிகீறாங்களே, அது மேல ஏத்தனேன், நேரா நின்னுச்சி."

"எங்க கோடு?"

"இதோ" என்று விரலை வைத்தான் கோதண்டம். எல்லப்பன் குனிந்து பார்த்தான். வாலை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். கோதண்டம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மீனை ஓலையில் கோக்கத் தொடங்கினான். சிரித்திருந்தாலாவது தேவலை.

எல்லப்பனுக்கு அவமானத்தில் ஏரியில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அன்றைக்கே கொட்டகைக்குப் போய் முதலாளி முன் நின்றான்.

"தப்பு என்னுதுங்க. எனுக்குக் கண்ணு தெரியல. அந்தப் பொண்ணு சரியாத்தான் ஊத்திச்சி."

"கோணலா ஊத்தனதுக்கா அனுப்பனேன்? என்னைக் கேக்காம எடுத்ததுக்கு அனுப்பனேன். அத்த எங்கிட்ட சொன்னவனே நீதானேய்யா" என்றார் முதலாளி.

பாஞ்சாலி செங்கல் சூளை வேலைக்குப் போனாள். எல்லப்பன் பத்து நாள் அவள் வாசலைத் தாண்டாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பதினோராம் நாள் அம்சவல்லி சோற்றைப் போட்டுவிட்டு, "கண்ணு தெரியலன்றது எனுக்கு ரெண்டு வருசமாத் தெரியும். நீ அவ மூஞ்சில முழிக்காம இருக்கறதுதான் எனுக்கு அசிங்கமா கீது" என்றாள்.

முள்ளும் வாலும் இருந்த துணிப்பையோடு பாஞ்சாலி வீட்டுக்குப் போனான். பாஞ்சாலி அப்போதுதான் சூளையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"வாணா, குந்து."

"பாஞ்சாலி, வாலுல கோணல் இல்லம்மா. எனுக்குக் கோடு தெரியல. மொத நாளே தெரியல."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு முள்ளையும் ஒரு வாலையும் எடுத்தாள். கோட்டின்மேல் முனையை வைத்து ஒரே மூச்சில் ஏற்றி ஈயத்தலை வரை தள்ளினாள். வால் நூல் பிடித்ததுபோல நேராக நின்றது.

"அன்னிக்கே சொல்லி இருந்தா நானே ஏத்திக் குடுத்திருப்பேனேணா" என்றாள். "எனுக்கும் வேல இருந்திருக்கும்."

எல்லப்பன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"இரு" என்றாள். "இன்னும் எத்தினி கீது?"

பையில் பதினேழு இருந்தன. உரிந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றினாள். பதினேழையும் முடிக்கிற வரையில் எல்லப்பன் அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.