இட்டேரி முனையில் நான்கு மெழுகுவத்திகள்

எங்கள் தோட்டத்து வீட்டை மெழுகுவத்தி வைத்து அலங்கரித்தது ஒரே ஒரு தடவைதான். பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, பொழுது சாயும் நேரத்தில். எனக்கு அப்போது எட்டு வயது. அலங்கரித்தவள் என் அக்கா. கெடுத்தவள் நான். கெட்டுப்போனது அலங்காரம் மட்டுமல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவளுக்கு ஏழு வயதானபோது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். மாமாவுக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் வேலை. பிள்ளை இல்லாதவர். அக்காவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதே அபூர்வமான காலம் அது. தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்தால்தான் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். மாமாவுக்கு வேலை மாற்றலாகி வடக்கே போகவேண்டி வந்ததும் அந்தக் காரணமும் போய்விட்டது. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு அக்கா ஒரு தகரப்பெட்டியுடன் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள்.

பெட்டியைத் திறக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புத்தகங்களுக்கு அடியில், பழைய காலண்டர் தாளில் சுற்றிய மெழுகுவத்திக் கட்டு ஒன்று இருந்தது. வெள்ளை வெளேரென்று, என் கை நீளத்துக்கு. அக்காவின் டீச்சரம்மா கொடுத்ததாம். அவர் அஸ்தம்பட்டியில் தனியாகக் குடியிருந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல், படிக்குப் படி மெழுகுவத்தி ஏற்றி வைப்பார் என்றும், தெருக்கோடியிலிருந்து பார்த்தால் வீடே பூத்தது போல இருக்கும் என்றும் அக்கா சொல்வாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. டீச்சரம்மா பேச்சு வந்தால் மட்டும் நிறுத்தமாட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு அவளுக்கு வேலை ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லமுடியாது. பால் கறந்தாள், களை வெட்டினாள், வீட்டைத் துடைத்து வைத்தாள். மத்தியானத்தில் என்னை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆறே மாதத்தில் நான் காலண்டர் தாளெல்லாம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். கார்த்திகையில் மேச்சேரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஆடும் காடும் நிறைய உள்ள குடும்பம். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். அப்பா, "தை போவட்டும், பாத்துக்கலாம்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மார்கழியில் ஒருநாள் அவள் ஒரு கடிதம் எழுதி, தபால்காரர் வந்தபோது யாருக்கும் தெரியாமல் கொடுத்ததை நான் பார்த்தேன். பதிலும் வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சொல்லவில்லை. அதில் தப்பில்லை. என் வாய் அப்படி. காலையில் என் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் சித்தப்பா தோட்டம் வரைக்கும் போய்விடும்.

பட்டிப் பொங்கலுக்கு முந்தின நாள் அக்கா அப்பாவிடம் கேட்டாள்.

"பட்டிப் பொங்கலுக்கு மெழுகுவத்தி வெச்சு ஊட்டைச் சோடிக்கட்டுங்களாப்பா?"

"அகல் வெச்சாப் பத்தாதா?"

"காத்துக்கு அகல் நிக்காதுங்கப்பா."

அப்பா சற்று நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். கார்த்திகைக்குப் பிறகு அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான். "செரி, பண்ணிக்க சாமி. வைக்கப்போர் பக்கம் மட்டும் கொண்டுபோயிராத" என்றார்.

மறுநாள் காலையிலிருந்தே அவளுக்கு அதே வேலை. கொட்டாங்கச்சிகளைப் பொறுக்கிவந்து கழுவி, ஈரமணல் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தியை நட்டாள். வாசற்படியின் இரண்டு பக்கமும், ஜன்னல் கட்டையிலும், கிணற்றுச் சுவரிலும், வேப்பமரத்தைச் சுற்றியும் வைத்தாள். எட்டி நின்று பார்ப்பாள். ஒன்றை நகர்த்துவாள். மறுபடி எட்டி நின்று பார்ப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு. "மாட்டுக்குப் பொங்கலா, உனக்குப் பொங்கலா?" என்றாள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

எல்லாம் வைத்தபின் நான்கு மெழுகுவத்திகளைத் தனியே எடுத்துக்கொண்டு என்னை அழைத்தாள். எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டுமானால் பெரிய சாலையிலிருந்து ஓர் இட்டேரி வழியாக வரவேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம். சாலையில் நின்று பார்த்தால் எங்கள் வீடு தெரியாது. அது மாதிரி இட்டேரிகள் அந்தச் சாலையில் வரிசையாக இருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு எது யாருடைய தோட்டத்துக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கமுடியாது. வயதுக்கு வந்த பெண் சாலை வரைக்கும் தனியாகப் போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அக்கா பாதித் தூரம் வந்து நின்றுகொண்டாள். நான்தான் முனைக்குப் போய், அங்கே கிடந்த பெரிய கல்லின்மேல் நான்கையும் வைத்து ஏற்றினேன். திரும்பி வந்ததும் வத்திப்பெட்டியை என் பாவாடையில் முடிந்துவிட்டாள்.

"அங்கயே உக்காந்துக்க கண்ணு. அணைஞ்சா மறுபடி பத்தவெச்சிரு. சேலத்துப் பஸ்ஸு வந்து போற வரைக்கும் நகரக்கூடாது."

"அங்க ஆருக்கா பாக்கறாங்க? எல்லாரும் பட்டியில இல்ல இருக்கறாங்க?"

"யாராச்சும் எறங்கி வழி கேட்டா, நம்மூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா."

"யாரு வருவாங்க?"

"நோம்பியும் அதுவுமா ஒரம்பரை வராமயா போயிரும்" என்றாள். உறவுக்காரர்களெல்லாம் எங்களுக்கு மாட்டுவண்டியில் வருகிறவர்கள், பஸ்ஸில் வரமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

முனைக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாலையில் ஈ காக்கை இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது பட்டியிலிருந்து தட்டம் அடிக்கும் சத்தம் கேட்டது. சாணியில் பாத்தி கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் விட்டு, பூப்போட்டு, மாடுகளை அதைத் தாண்டவைப்பார்கள். பிள்ளைகளெல்லாம் தட்டத்தைத் தட்டிக்கொண்டு பட்டியைச் சுற்றி ஓடும். வருஷத்தில் ஒருநாள். சித்தப்பாவின் பிள்ளைகள் என் தட்டத்தையும் எடுத்து அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாருமே பார்க்காத இடத்தில் நான்கு மெழுகுவத்தி வீணாக எரிந்துகொண்டிருந்தது வேறு. அவற்றை ஊதி அணைத்து, கொட்டாங்கச்சியோடு பாவாடையில் வாரிக்கொண்டு, வேலிச் சந்து வழியாகப் புகுந்து பட்டிக்கு ஓடினேன்.

தெப்பக்குளத்தின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்து ஏற்றினேன். தண்ணீரில் வெளிச்சம் விழுந்து, செவ்வந்திப் பூக்களெல்லாம் மினுங்கின. சித்தப்பாவின் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அப்பா கும்பிட வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "அட, நல்லாத்தான் இருக்குது" என்று என் தலையைத் தடவினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. சாலையில் பஸ் வந்து நிற்கும் சத்தமும் மறுபடி கிளம்பும் சத்தமும் எனக்குக் கேட்டன. கேட்டும், தட்டத்தை இன்னும் பலமாக அடித்தேன்.

அக்கா தலைவலி என்று சொல்லிப் பட்டிக்கு வரவில்லை. வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் முடிந்து நான் வீட்டுக்கு ஓடிவந்தபோது வீடு அவள் சொன்னது போலவே பூத்திருந்தது. கிணற்றுச் சுவரில் வரிசையாக, வேப்பமரத்தடியில் வட்டமாக, ஜன்னலில் இரண்டு இரண்டாக. அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள். நடுவாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, அதன்மேல் மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை விரித்திருந்தாள்.

"பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு."

"நீ அங்கதான இருந்த?"

"அங்கதான் இருந்தேன். அது போனப்பொறவுதான் வெளக்கை எடுத்துக்கிட்டுப் பட்டிக்குப் போனேன்."

"யாராச்சும் எறங்கினாங்களா?"

"யாரும் எறங்கல."

அடி விழுமோ என்ற பயத்தில் சொன்ன பொய். அக்கா என்னை ஒருநாளும் அடித்தவள் அல்ல என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. "நல்லாப் பாத்தியா கண்ணு?" என்று மறுபடி கேட்டாள். "பாத்தேன்" என்றேன்.

அவள் போய் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி அணைத்தாள். அம்மா வந்து, "ஏன் சாமி, இன்னும் பாதிக்கு மேல இருக்குதே, எரியட்டும்" என்றாள். "போதும்மா. பாக்கறதுக்கு ஆரு இருக்கறா" என்றாள் அக்கா. ஜமுக்காளத்தை உதறி மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

மாசியில் மேச்சேரிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அவள் படுத்துக்கொள்ளவில்லை. அம்மா கேட்டதற்கு, "உங்க இஷ்டம்மா" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்றார்கள். சித்திரைக் கடைசியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது.

அவள் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முதலில் எழுத்துக்கூட்டி எனக்குள்ளேயே படித்தேன்.

டீச்சரம்மா எழுதியிருந்தார். பட்டிப் பொங்கலன்று சொன்னபடி சேலத்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். இட்டேரி முனையில் மெழுகுவத்தி எரியும் என்று எழுதியிருந்தாய். எந்த முனையிலும் வெளிச்சத்தைக் காணோம். வழி கேட்கவும் ஆள் இல்லை. நாமக்கல்லிலிருந்து திரும்புகிற பஸ் வரும்வரை அங்கேயே நின்று பார்த்தேன். நான் வந்து உன் அப்பாவிடம் பேசுவது உனக்கே வேண்டாமென்று தோன்றிவிட்டதோ என்று நினைத்து இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். மனசு கேட்கவில்லை. டீச்சர் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் ஆனியில் சேர்க்கிறார்கள். உனக்கு விருப்பம் இருந்தால் ஒரு வரி எழுது, மறுபடி வருகிறேன். இவ்வளவுதான் கடிதம்.

"என்ன எழுதியிருக்குது?" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு வாழ்த்துங்கப்பா."

"நாம சொல்லாமப் போனதுக்குக் கோவிச்சுக்காம எழுதியிருக்கறாங்க பாரு" என்று அவர் ஆச்சரியப்பட்டார். நான் சமையற்கட்டுக்குப் போய்க் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அக்கா நன்றாகத்தான் வாழ்ந்தாள். மச்சான் நல்ல மனிதர். மூன்று பிள்ளைகள். இருந்தாலும் அவளிடம் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. இன்ன தேதிக்கு வருகிறோம் என்று நாங்கள் எழுதிப்போட்டால் உலை வைக்கமாட்டாள். நாங்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அரிசி களைவாள். மச்சான் கேலி செய்வார். "வர்றப்ப வரட்டும்" என்பாள் அவள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பா இறந்து, அம்மாவும் போய், எனக்கு ஐம்பது வயது நெருங்கியபோதுதான் சொல்லும் தைரியம் வந்தது. மேச்சேரி வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து கடலைக்காய் தொலித்துக்கொண்டிருந்தாள். பட்டிக்கு ஓடியது, பொய் சொன்னது, அடுப்பில் போட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "உன் படிப்பைக் கெடுத்துட்டேன்க்கா" என்று அழுதேன்.

அவள் கை நின்றுவிட்டது. கோபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"வந்தாங்களா?" என்றாள்.

"வந்தாங்கக்கா."

"ஒத்தையிலயா நின்னாங்க, அந்த இருட்டுல?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"திரும்பற பஸ்ஸு வர்ற வரைக்கும்னு எழுதியிருந்தாங்க."

படிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா எப்படியும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு, டீச்சரம்மா இப்போது இருக்கிறாரா என்று கேட்டாள். சேலத்தில் நான் விசாரித்திருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். வராதவங்களை என்னத்தைக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அன்று அந்த இட்டேரியின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றிருந்தார்கள். மற்றவர் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டு திரும்பிப் போனார்கள். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. ஒரு பஸ் வந்தது, போய்விட்டது, அடுத்த வருஷமும் பொங்கல் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.