வேணாம்னா, ஏன்னு கேளு

சுடர்விழியத் திமிரு புடிச்ச பொண்ணுன்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க. சொல்லட்டும். அந்தத் திமிரு இல்லேன்னா சொர்ணவல்லியம்மா நெல்லு இந்நேரம் மழைத்தண்ணியில மொளைச்சுக் கெடந்திருக்கும். நான் செவந்தி. அதே ஆபீஸ்ல கம்ப்ளெயிண்ட் போன் எடுக்கறவ. பக்கத்து சீட்டுல உக்காந்து கண்ணால பாத்ததச் சொல்றேன், கேட்டுக்கங்க.

புதுக்கோட்டை டவுன்ல கதிரறுக்குற மெஷின வாடகைக்கு விடுற கம்பெனி எங்களோடது. விவசாயிங்க புக்கிங்குக்குப் போன் பண்ணுனா இப்ப ஆள் எடுக்கறதில்ல, ஏஐ ஏஜென்ட்தான் எடுக்குது. நல்லாவே தமிழ் பேசுது. அது கையில சில டூல் குடுத்துருக்கோம். மெஷின் புக் பண்ண ஒண்ணு, தேதி மாத்த ஒண்ணு, ரத்து பண்ண ஒண்ணு. எப்ப எதை எடுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு டூலுக்கும் நாம எழுதி வைக்கிற விளக்கத்தப் படிச்சுத்தான். அந்த விளக்கத்த எழுதுறவதான் சுடர்விழி. ஆலங்குடிப் பக்கத்துப் பொண்ணு, வெவசாயக் குடும்பம். கம்ப்யூட்டர் படிச்சுட்டு, சென்னைக்குப் போகவே மாட்டேன்னு வீட்டுல மல்லுக்கட்டி இங்க வேலைக்குச் சேந்தவ.

ரத்து பண்ற டூலுக்கு அவ மொதல்ல வெவரமா எழுதியிருந்தா. இத எப்ப எடுக்கலாம், எப்ப எடுக்கவே கூடாது, எடுத்தா விவசாயியோட முறை போயிரும், அதனால முன்னாடியே காரணத்தக் கேட்டுக்க, அப்புடி. ஓனர் அருண்குமார் சாருக்கு அது புடிக்கல. "ஏம்மா, அது என்ன பச்சப்புள்ளையா? அதுக்கே எல்லாம் தெரியும். நீளமா எழுதுனா பதில் சொல்ல லேட்டாகுது"ன்னு அத்தனையும் அழிச்சுட்டு, 'புக்கிங்கை ரத்து செய்யும்'னு ஒத்த வரிய வச்சுட்டாரு. சுடர்விழி நின்னு சண்ட போட்டா. "கோளாறு வரும் சார். வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்"னு மூஞ்சிக்கு நேராவே சொன்னா. வந்துச்சு.

மாசி மாசம். திருவரங்குளத்துப் பக்கம் ஒரு ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க. காப்புக் கட்டுனா அந்த ஊர் வயல்ல அருவா வைக்க மாட்டாங்க, மெஷினும் எறங்கக் கூடாது. திருவிழா முடிஞ்சு காப்ப அவுத்தப்பறம், யாரு முறை நின்னுச்சோ அவங்களுக்குத்தான் மொத மெஷின். டிரைவருங்க எல்லாருக்கும் தெரிஞ்ச நடைமுறை இது. அந்த ஊரு சொர்ணவல்லியம்மா அத நம்பித்தான் போன் போட்டு, "காப்புக் கட்டிட்டாக, வியாழக்கெழம மெஷின் வேணாம்ப்பா"ன்னு சொல்லியிருக்காங்க. ஏஜென்ட் என்ன பண்ணும், பாவம்? அந்த ஒத்த வரியப் பாத்து, "சரிங்கம்மா"ன்னு ரத்து பண்ணிருச்சு.

காப்பு அவுத்த மறுநாள் காலையில எனக்குப் போன். "ஆத்தா, வரப்புலயே நிக்கிறேன், மெஷினக் காணோமே. நெல்லு சாஞ்சு கெடக்கு. வானம் வேற கறுத்துக்கிட்டு வருது"ன்னு அந்தம்மா பதறுறாங்க. வருசத்துக்கு அந்த ஒரு வெள்ளாமதான் அவங்களுக்கு.

ஓனர்கிட்ட ஓடுனேன். "அவங்கதானே வேணாம்னாங்க? ரெக்கார்டிங் இருக்குல்ல? புதுசா புக் பண்ணச் சொல்லு, கடைசியாப் போகட்டும்"னாரு. அன்னைக்கு அந்தம்மா ஊரு ரோட்டுல போயிட்டிருந்த மெஷின் யாரு வயலுக்குத் தெரியுமா? அவரோட மாமனார் வயலுக்கு!

சுடர்விழி சேரத் தள்ளிட்டு எந்திரிச்சா. "அந்தம்மா மேல தப்பு இல்ல சார். ஏஜென்ட் மேலயும் இல்ல. ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம வேலைக்கு விட்டது நாம. மெஷின அங்கிட்டுத் திருப்புங்க."

"மாமனாருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சொர்ணவல்லியம்மாவுக்கு என்ன சொல்லச் சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க."

அம்மாடி! அவ அதோட நிக்கல. ரத்து பண்ற டூலயே ஏஜென்ட் கையிலேருந்து புடுங்கிட்டா. "விளக்கம் ஒழுங்கா எழுதுற வரைக்கும் இது அதுக்குக் கெடையாது"ன்னா. "யாரக் கேட்டு கை வச்ச?"ன்னு அவரு கத்துறாரு. எனக்கு எங்கேருந்துதான் தைரியம் வந்துச்சோ, டிரைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். "காப்புக்கு நின்ன சொர்ணவல்லியம்மா வயலு விட்டுப்போச்சுண்ணே"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அட என்னம்மா, முன்னாடியே சொல்றதில்லையா? அதத் தாண்டிப் போனா நாளப்பின்ன அந்த ஊருக்குள்ள நான் கால் வைக்க முடியுமா? இந்தா, திருப்பிட்டேன்"னாரு.

சாயங்காலம் மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. அதுக்குள்ள சொர்ணவல்லியம்மா நெல்லு களத்துல தார்ப்பாய்க்கு அடியில பத்திரமா இருந்துச்சு. மாமனார் வயலு நனைஞ்சுபோச்சு.

மறுநாள் ஓனர் வந்து, சுடர்விழி புதுசா எழுதுன விளக்கத்தப் படிச்சுப் பாத்தாரு. பழசவிட நீளம். வேணாம்னு சொன்னா, ஏன்னு கேளு. துக்கம், காப்பு, மழைன்னா ரத்து பண்ணாத, முறைய நிறுத்தி வச்சு தேதிய மாத்து. சந்தேகமா இருந்தா ஆபீஸ்ல ஆளுக்கு லைனக் குடு. இதெல்லாம் இருந்துச்சு. இத எழுதுனப்பறம்தான் டூல ஏஜென்ட்கிட்டத் திருப்பிக் குடுத்துருந்தா.

"பாதியாக் கொறை"ன்னாரு.

"வரியில ஒண்ணும் கொறையாது சார். ஆள்ல கொறைக்கணும்னா என்னயக் கொறைச்சுக்கங்க."

அவருக்கு வீம்பு. எவ்வளவு எழுதுனாலும் ஏஜென்ட் அதையேதான் செய்யும்னு காட்டுறதுக்காக, சொர்ணவல்லியம்மாவோட அந்தப் பழைய ரெக்கார்டிங்க எடுத்து அதுக்குப் போட்டுக் காட்டுனாரு. காப்புக் கட்டிட்டாக, வியாழக்கெழம மெஷின் வேணாம்ப்பா.

ஏஜென்ட் சொல்லுச்சு: "சரிங்கம்மா, ஒங்க முறை அப்படியே இருக்கும். காப்பு எப்ப அவுக்குறாங்க?"

சார் எந்திரிச்சு அவரு ரூமுக்குப் போயிட்டாரு. அந்த விளக்கத்துல இன்னைக்கு வரைக்கும் ஒரு வரியும் கொறையல. ஆபீஸ்ல ஆளும் கொறையல.