கல்லீரல் கொடுக்க வந்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டுவிட்டு, பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டி அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். திருத்தங்கலில் அச்சகம் நடத்தும் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்ட பின்னும் எங்களுக்குத் தாயாகவே இருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தந்தால் பிழைப்பார் என்றார் சென்னை டாக்டர். அண்ணி, அக்கா, நான் மூவரும் எழுந்து நின்றோம். அறையிலிருந்த ஆண்களை எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அண்ணியின் ரத்தம் சேரவில்லை.

"என் தம்பிக்கு நான் குடுக்கேன். இவ சின்னவ, இவள விட்ருங்க" என்று அக்கா முந்திக்கொண்டார்.

சோதித்துப் பார்த்த டாக்டர், அக்காவின் ஈரலே நோயில் இருக்கிறது என்றார். அதனால் நான் கொடுத்தேன். அண்ணன் பிழைத்தார். வீடே கொண்டாடியது. அக்காவின் நோய்க்கு மாத்திரையோடு சரி.

சென்ற ஆண்டு அக்காவின் கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. ஒருமுறை கொடுத்த என்னிடம் மறுபடி எடுக்க முடியாது. அக்காவின் பிள்ளைகள் சிறுவர்கள். இறந்தவர் ஒருவரின் ஈரல் வந்தது. ஆணின் ஈரல், அக்காவின் சிறிய உடம்புக்குப் பெரிது என்று வேறொருவருக்குப் போய்விட்டது. மிச்சம் அத்தான் மட்டுமே. ரத்தமும் சேர்ந்தது. ஆனால் அது பட்டாசு லேபிள் சீசன்.

"ஆம்பளையப் படுக்கப் போட்டுட்டா மெஷின யாரு பாக்குறது? தீபாவளி கழியட்டும்" என்றார்கள் அத்தான் வீட்டுப் பெரியவர்கள். அத்தான் தலை குனிந்து நின்றார்.

அக்காதான் அவரைத் தேற்றினார்: "நீங்க ஆர்டரப் பாருங்க. நான் எங்கன போயிரப் போறேன்?"

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்க்கும், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் நலமாக இருக்கிறார். என்னிடம் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான், அக்கா.

சீசன் நேரத்திலும் ஆர்டரை நிறுத்தி, மெஷினை ஒருநாள் முழுக்க ஒதுக்கி இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்த அத்தானுக்கு நன்றி.

தங்கை