கருப்பனுக்காக ஒரு ஆல்பம்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், குமாரபாளையத்தில் சொந்தமாக விசைத்தறிக் கூடம் போட்டவன். தறிச் சத்தத்தில்தான் எங்கள் நாய் கருப்பன் தூங்குவான். கரண்ட் போய்த் தறி நின்றால் எழுந்து என்னைத் தேடி வருவான். போன வருடம் செத்துப்போனான்.

பியானோ வாசிக்கும் என் மகள், டிரம்ஸுக்கும் பேஸ் கிதாருக்கும் ஆள் சேர்த்து, அவன் நினைவாக ஒரு ஜாஸ் ஆல்பம் போட்டாள்.

"புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்கப்பா," என்று தயங்கியபடி ஓடவிட்டாள்.

"பாடறதுக்கு ஆளே இல்லியா சாமி?" என்றேன். அவள் முகம் வாடியது.

டிரம்ஸ் தறி போலவே ஓடியது. சட்டென்று நின்றது. பியானோ மட்டும் மெல்ல நடந்து வந்தது. என் கை தானாகக் கீழே இறங்கி, கருப்பனின் தலையைத் தேடியது.

"ஏனுங்கப்பா?"

"கருப்பன் வாரான் சாமி."

ஜாஸ் எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் ஊரில் யாரைக் கண்டாலும் நிறுத்தி, அதில் ஓடுவது என் தறி என்று சொல்லாமல் விடுவதில்லை.