வெல்வெட்டை எப்படித் துவைப்பது

வெர்னா டாலெஃப்சன்தான் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவுக்கு விஸ்கான்சினில் மாட்டுப் பண்ணை. மகள் பாக்டீரியாவின் மரபணுவை ஆராய்கிறாள் என்றதும், "அப்ப பால் கெடாம பாத்துக்குவியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கெடுக்கறது யாருன்னு பாக்கறேன்."

அதற்கு ஒரு படிப்பா என்று அவர் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, அதே துறையில் இருந்த ஆரினை மணந்தாள். அந்தக் காலத்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே துறையில் வேலை தருவதில்லை. ஆகவே அவன் பேராசிரியர், அவள் பேராசிரியரின் மனைவி. செய்த வேலை ஒன்றுதான்.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் முளைத்த கிருமிப் புள்ளிகளை எல்லோரும் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்னா ஒரு கட்டையில் வெல்வெட்டைக் கட்டி, முதலில் அந்தத் தட்டில் ஒற்றி, பிறகு முத்திரை குத்துவதுபோல் கிருமிக்கொல்லி மருந்து கலந்த தட்டுகளில் வரிசையாக ஒற்றினாள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்துப் புள்ளிதான் பிழைத்தது. மருந்தைக் கண்டு அது பலம் பெறவில்லை. காணும் முன்பே பெற்றிருந்தது.

மாநாட்டு அழைப்பிதழில் ஆரின் பெயர் மட்டும் இருந்தது.

"அடுத்த தடவை உன் பேரையும் போடச் சொல்றேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

உறுத்தியதோ என்னவோ, வெல்வெட் துணிகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அவனே துவைத்துக் கொண்டுவந்தான். மறுநாள் ஒரு தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

"உன் முறையே தப்போ, வெர்னா?"

அவள் துணியை முகர்ந்தாள். லாவெண்டர்.

"நல்ல சோப்புதான். கிருமியைக் கொல்லும்னு டப்பாவுலயே போட்டிருந்தது," என்றான்.

"கொன்னுருச்சு."

மாநாட்டில் வெர்னா பின்வரிசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பேராசிரியர்களின் மனைவிமார்தான் ஊற்றுவார்கள். ஆரின் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார். "நீங்க சொன்னபடி நாங்களும் செஞ்சு பாத்தோம். ஒண்ணும் முளைக்கல. துணியை எப்படித் துவைக்கணும்?"

ஆரின் கூரையைப் பார்த்தான். பிறகு காபிப் பக்கம் கையைக் காட்டினான். "அவளைக் கேளுங்க. வெல்வெட் யோசனையே அவளோடதுதான். நான் துவைச்சா செத்துரும்."

வெர்னா கெண்டியைக் கீழே வைத்தாள். "சோப்பு கூடாது. வெறும் தண்ணி. அப்புறம் நீராவி."

மாநாட்டு மலரில் அவள் பெயர் முதன்முறையாக அச்சேறியது: 'துணி துவைப்பது குறித்துத் திருமதி டாலெஃப்சன் விளக்கினார்.'

அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"துணி துவைக்கவாடி இத்தனை படிச்ச?"

"ஆமாப்பா," என்றாள் வெர்னா. "சோப்பு போடாம."